குதிரை நலந்தானா?

இலக்கியம் பேசும் பக்கத்தில் பழைய காருக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. கடந்த ஒன்றரை ஆண்டுகளில் எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டங்களில் எந்த நாவலைக் காட்டிலும் அதிகமாகப் பேசப்பட்டது ஒரு வெள்ளைக் காரைப் பற்றித்தான். இயந்திரம் குறித்து அறிவேதும் இல்லாத நாங்கள் அதைப் பற்றி அவ்வளவு பேசியதற்குக் காரணம், அந்த வழக்கு முழுவதும் ஒருவர் சொன்ன சொல்லையும் சொல்லாமல் விட்ட சொல்லையும் சுற்றியே நடந்தது என்பதுதான். அந்தத் துறையிலாவது எங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டென்று நினைத்திருந்தோம்.

2024 ஜூன் மாதம். வட்டத்தின் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரையில் ஒரு கார் கன்சல்டிங்கில் ஆறு வயதான கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். அவருடைய மனைவியாருக்கு முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பஸ் ஏறி இறங்க இயலாது. விலை ரூ.3,85,000. துணைக்கு நாங்கள் நால்வர் சென்றோம். நாவலொன்றின் நாற்பதாம் பக்கத்தில் நேர்ந்த காலக் குழப்பத்தைக் கண்டுபிடித்து மூன்று மணி நேரம் வாதிடக்கூடியவர்கள் நாங்கள். அன்று டயரை உதைத்துப் பார்த்தோம், கதவுகளைத் திறந்து மூடினோம், ஏ.சி.யின் குளிரை மெச்சினோம். எங்களில் ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார். எதைப் பார்த்துத் தலையசைத்தார் என்று இன்றுவரை அவரால் சொல்ல முடியவில்லை.

"வண்டி எப்படி?" என்று ஆசிரியர் கேட்டார்.

"தங்கமான வண்டி சார். ஒரே ஓனர். டாக்டர் வெச்சிருந்தது" என்றார் கன்சல்டிங்காரர்.

உள்ளே புதுக் கம்பளம் விரித்திருந்தது. மல்லிகை வாசம் தூக்கலாக வீசியது. மதுரையில் மல்லிகை மணப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பணம் கட்டியதும் அச்சடித்த டெலிவரி நோட் ஒன்றை நீட்டினார்கள். வண்டியை உள்ளபடியே பார்த்துத் திருப்தியடைந்து பெற்றுக்கொண்டதாகவும், இனி நேரும் எந்தக் கோளாறுக்கும் விற்றவர் பொறுப்பல்ல என்றும் அதில் இருந்தது. சந்திப் பிழை இரண்டு இருந்தன. ஆசிரியர் அவற்றைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார்.

ஐந்தாவது வாரம் கண்ணாடிகள் தாமாக இறங்கின. பிறகு டேஷ்போர்டில் விளக்குகள் காரணமின்றி எரிந்தன. ஆகஸ்டில் ஒருநாள் மேலூர் சாலையில் வண்டி நின்றேவிட்டது. பின்னிருக்கையில் அந்த அம்மையார் காலை நீட்டியபடி இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார். வொர்க்‌ஷாப்பில் புதுக் கம்பளத்தை உரித்தபோது அடியில் மாவு போல நுண்ணிய வண்டல். இருக்கைத் தண்டவாளம் துருவேறியிருந்தது. மெக்கானிக் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துக் காட்டினார். வழக்கமாக யாரும் இழுத்துப் பார்க்காத கடைசி ஒரு முழத்தில், ஆற்றங்கரைச் சுவரில் வெள்ள மட்டம் குறித்ததைப் போல ஒரு பழுப்புக் கோடு. "தண்ணிக்குள்ள நின்ன வண்டி சார் இது" என்றார். வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியையும் மாற்ற வேண்டும், மதிப்பீடு ரூ.1,40,000.

அதன்பிறகே நாங்கள் எண் பலகையை வாசித்தோம். டிஎன் 69, தூத்துக்குடி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை மறந்தவர் யாருமிருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. இன்ஷூரன்ஸ் தாளையும் அன்றுதான் படித்தோம். ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு, இழப்பீடு ஏதும் கோராமல் வந்த பாலிசியில் 'நோ க்ளெய்ம் போனஸ்' என்ற தள்ளுபடி ஆண்டுதோறும் ஏறி 50 சதவிகிதம் வரை போகும். 2024 தொடக்கத்தில் புதுப்பித்த இந்த ஆறு வயது வண்டியின் பாலிசியில் அது பூஜ்யம். முந்தைய ஆண்டில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் என்று அந்தப் பூஜ்யம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டும் எங்கள் கண்முன் இருந்தவை.

கன்சல்டிங்காரர் கோபப்படவில்லை. "பார்த்துத்தானே சார் எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் சட்டப் புத்தகங்களுக்குள் போனோம்.

முதலில் அகப்பட்டது ஒரு குதிரை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு. மோசடி எது என்று வரையறுக்கும் அந்தப் பிரிவின் கீழ் எடுத்துக்காட்டுகளாகக் குட்டிக் கதைகள் சில உண்டு. ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோய் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடியன்று என்கிறது சட்டம். அடுத்த கதையில் வாங்குபவள் அவனுடைய மகள், அப்போதுதான் சட்டப்படி வயது வந்தவள். இப்போது உண்மையைச் சொல்லும் கடமை தகப்பனுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது கதைதான் எங்களை உலுக்கியது. வாங்குபவன் விற்பவனிடம், நீ மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறையில்லை என்றே எடுத்துக்கொள்வேன் என்கிறான். விற்பவன் பேசாமல் இருக்கிறான். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குதிரை நம் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறது. இன்றைக்கும் பழைய கார் வாங்குபவனின் நிலை இந்த மூன்று கதைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. 'தங்கம்' என்ற சொல் வியாபாரப் புகழ்ச்சி. அதை உத்தரவாதமாக எந்த மன்றமும் எடுத்துக்கொள்ளாது. வெள்ளத்தில் நிற்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. நின்றதா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. முதல் குதிரையைத்தான் வாங்கியிருந்தோம்.

இதோடு நின்றால் பரவாயில்லை. மௌனத்தையே மோசடியாகக் கொள்ளத்தக்க நேர்வுகளில்கூட, சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் வாங்கியவருக்கே உண்மை புலப்பட்டிருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது என்கிறது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. எண் பலகையும் இன்ஷூரன்ஸ் தாளும் உங்கள் கையில்தானே இருந்தன என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிற்பாடு கேட்டார். தெரிந்தே மறைப்பது மோசடிதான். ஆனால் புதுக் கம்பளம் விரித்தது மறைப்பா, வெறும் அலங்காரமா? விரித்தவர் இவரா, இவருக்கு விற்றவரா? மெய்ப்பிக்க வேண்டிய பாரம் வாங்கியவர் தலையில்.

மதுரைக்காரர்களுக்கு மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தின் பெயர். பெயர் வந்தது மாட்டுச் சந்தையிலிருந்து. சந்தையில் மாடு வாங்கியவர்கள் பல்லைப் பிடித்து வயதைப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். வாங்குபவனே விழித்திரு என்ற பழைய விதி அந்த உலகத்துக்கு ஓரளவு பொருந்தும். வாங்குபவனும் விவசாயி, மாட்டோடு வளர்ந்தவன். அவன் கண்ணுக்கு ஒரு தகுதி இருந்தது. காரின் பல்லைப் பிடித்துப் பார்க்க எங்களுக்கு எங்கே தெரியும்? கிலோமீட்டர் காட்டும் எண்ணைக்கூட ஒரு மடிக்கணினியை இணைத்துக் குறைத்துவிடுகிறார்கள். மாட்டின் பல்லை அப்படி மாற்ற முடிந்ததில்லை.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையின் கருப்பொருளே பழைய கார்ச் சந்தைதான். மோசமான காரை அமெரிக்கர்கள் 'எலுமிச்சை' என்பார்கள்; கட்டுரையின் தலைப்பிலும் அந்த எலுமிச்சை உண்டு. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகித்துக் குறைந்த விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க உடையவனுக்கு மனம் வராது. நல்லவை விலகிக்கொள்ள, சந்தையில் மோசமானவையே மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய கட்டுரை இது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இதுவே முக்கியக் காரணம். தம் படைப்பு திரும்பிவந்த வருத்தத்திலிருக்கும் வட்டத்து நண்பர்கள் இச்செய்தியைக் குறித்துக்கொள்ளலாம். எங்களுக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு: விற்பவரின் மௌனம் வாங்கியவரை மட்டும் கெடுப்பதில்லை. நல்ல காரை நேர்மையாக வைத்திருக்கும் இன்னொரு கன்சல்டிங்காரருக்கும் அது உரிய விலை கிடைக்காமல் செய்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1986இல் வந்து, 2019இல் புதிதாக எழுதப்பட்டு, 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பழைய பொருள் எங்கே வருகிறதென்று தேடிப் பார்த்தோம். முறையற்ற வணிக நடவடிக்கைகளின் பட்டியலில், பழைய பொருளைப் புதியதென்று சொல்லி விற்பது குற்றம் என்று இருக்கிறது. பழையதைப் பழையதென்றே சொல்லி, அதன் நோயை மட்டும் சொல்லாமல் விற்பதைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. பழைய கார் வாங்கியவரும் நுகர்வோர்தான். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காதபோது 30 நாளுக்குள்ளோ திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே பட்டியலில் உண்டு. (எங்கள் கார் ஐந்தாவது வாரத்தில் நோயை வெளிக்காட்டியது. என்ன சாமர்த்தியம்!) 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், அந்தத் தொழிலையே செய்யும் வியாபாரியிடம் வாங்கிய பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டுமென்கிறது. ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கள் நண்பர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்ததைச் சோதனை என்று வாதிட்டபோது அவர் முகம் போன போக்கை இங்கே எழுதுவதற்கில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிவது வியாபாரியிடம் வாங்கியவர்தான். அடுத்த தெருக்காரர் தம் காரை ஒருமுறை விற்கிறார் என்றால் அவர் வணிகர் அல்லர். சிவில் நீதிமன்றம்தான் கதி. அதனால்தான் கன்சல்டிங்காரர்கள் பலரும் தகராறு வந்தவுடன், நான் விற்கவில்லை, ஆள் காட்டிவிட்டேன், அவ்வளவுதான் என்கிறார்கள். பணம் யார் கணக்குக்குப் போனது, ரசீதில் யார் பெயர் என்பது இங்கே உயிர்நாடி. எங்கள் ஆசிரியர் முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கடையின் கணக்குக்கே அனுப்பியிருந்தார். அவர் செய்த ஒரே சரியான காரியம் அது. ரொக்கமாகக் கொடுக்க அன்று அவரிடம் பை இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாடகைக்கு ஓட்டப் பழைய கார் வாங்கும் ஓட்டுநர்கள், தொழிலுக்கு வாங்கியதால் தமக்கு உரிமையில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்ட வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது.

விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாததால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். குறை தெரிந்து இரண்டாண்டுக்குள் செய்ய வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. முயல வேண்டும் என்ற வினை எவ்வளவு நீளக்கூடியது என்பதை நாங்கள் அங்கே போய்த் தெரிந்துகொண்டோம். 2024 நவம்பரில் புகார். வண்டி வாங்கிய நாளிலேயே குறை இருந்ததா என்பதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும். அதன் செலவும் பெரும்பாலும் புகார் செய்தவர் கையிலிருந்துதான். கையெழுத்திட்ட அந்த டெலிவரி நோட்டையோ, முறையற்ற ஒப்பந்தம் என்று அறிவித்துச் செல்லாததாக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. திருத்தப்பட்ட சந்திப் பிழைகளை எதிர்த்தரப்பு ஆதாரமாகக் காட்டியது: ஒவ்வொரு எழுத்தையும் படித்துத்தான் கையெழுத்திட்டிருக்கிறார், பாருங்கள்.

மற்ற நாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தோம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பழைய காருக்கும் பொருந்தும். வியாபாரியிடம் வாங்கிய கார் அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தில் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும் குறை, விற்ற நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியவர் வியாபாரி. கையெழுத்து வாங்கி இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. எல்லாவற்றிலும் எங்களைக் கவர்ந்தது ஒரு சிறு விதிவிலக்கு: விற்கும்முன் குறிப்பிட்டுச் சுட்டிக்காட்டிய குறைக்கு வியாபாரி பொறுப்பாக மாட்டார். வாயைத் திறந்து சொன்னவருக்குப் பாதுகாப்பு, சொல்லாதவருக்கு ஆபத்து. நம் குதிரைக் கதையைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அங்கே கூட்டாட்சி வணிக ஆணையம், பழைய கார் வியாபாரிகள் தமக்குத் தெரிந்த பெரிய குறைகளை எழுதி ஒட்ட வேண்டுமென்று விதி கொண்டுவந்தது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து அதைத் தடுத்தன. அந்தத் தடுப்பு செல்லாதென்று பின்னர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. எனினும் ஆணையம் 1984இல் இறுதியாக வெளியிட்ட விதியில் தெரிந்த குறையைச் சொல்லும் கடமை காணாமற்போயிருந்தது. உத்தரவாதம் உண்டா இல்லையா என்று கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டினால் போதும் என்றாயிற்று. அந்த ஒரு வாக்கியத்தை நீக்கத்தான் அத்தனை பாடு. சொல்லின் விலை வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழைய வாகன வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டுமென்று ஆக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. வண்டி கடையில் நிற்கும் காலத்தில் யார் பொறுப்பு என்பதை ஒழுங்குசெய்யும் நல்ல விதிதான். ஆனால் அதன் அக்கறை உடைமையைப் பற்றியது, வண்டியின் உடல்நிலையைப் பற்றியதன்று. அந்த அங்கீகாரச் சான்றோடு ஒரு தாளைச் சேர்ப்பதில் என்ன சிரமம் என்பதே எங்கள் கேள்வி. வெள்ளத்தில் நின்றதா, பெரிய விபத்துக்குள்ளானதா, இழப்பீடு வாங்கியதா, கிலோமீட்டர் எண் உண்மையா என்று நான்கு கேள்விகள். விற்பவர் தமக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதத்துக்குள் வரும் பெருங்குறைக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். சிறு வியாபாரிகள் நசிந்துவிடுவார்கள் என்று வட்டத்தில் ஒருவர் மறுத்தார். பழைய வண்டிக்கு எவன் உத்தரவாதம் தருவான், விலை ஏறிவிடாதா என்றார். ஏறும். ரூ.3,85,000 கொடுத்து ரூ.1,40,000 செலவு கேட்கும் காரின் உண்மையான விலை என்ன என்று ஆசிரியர் அவரைத் திருப்பிக் கேட்டார். எங்களைத் தம் மகளாகப் பாவிக்கும்படி கன்சல்டிங்காரரிடம் நாங்கள் கோரவில்லை. தெரிந்ததைச் சொல்லட்டும், தெரியாவிட்டால் தெரியாதென்று எழுதட்டும் என்றுதான் கேட்கிறோம். தெரியாது என்று எழுதிய தாளும் விலையைக் குறைக்கும். அது வாங்குபவருக்கு நல்லது.

சட்டம் வரும்வரை எங்களுக்கு அகப்பட்ட ஆயுதம் அந்த மூன்றாவது குதிரை. கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். வாட்ஸாப்பில் கேட்டாலும் சரி, தேதியோடு பதிவாகும். கேட்ட கேள்விக்குச் சொன்ன பொய் மோசடி. மறுக்காவிட்டால் குறையில்லையென்று கொள்வேன் என எழுதிக் கேட்டபின் காக்கும் மௌனமும் பேச்சுக்குச் சமம். கேளாத கேள்விக்குக் காத்த மௌனம் ஒன்றுமேயில்லை.

வழக்கு என்னவாயிற்றென்று கேட்பீர்கள். 2025 அக்டோபரில் சமரசத்துக்கு அனுப்பினார்கள். கன்சல்டிங்காரர் ரூ.95,000 தருவதாகச் சொன்னார், ஆசிரியர் ஒப்புக்கொண்டார். இறுதிவரை போராடியிருக்க வேண்டுமென்று எங்களில் இருவருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா ஆட்டோ பிடித்துப் போனவர்கள் நாங்களல்லர். அம்மையார் இப்போது கைத்தடி இல்லாமலே நடக்கிறார். வண்டி, வயரிங் மாற்றியபின் ஓடுகிறது. மழை நாளில் மட்டும் எடுப்பதில்லை.

கடந்த மாதம் வட்டத்தின் இளையவர் ஒருவர் கார் பார்க்கப் போனபோது ஆசிரியரையும் உடன் அழைத்துப் போனார். அவர் தம் அழகிய கையெழுத்தில் அந்த நான்கு கேள்விகளையும், இவற்றை நீங்கள் மறுக்காவிட்டால் குறையில்லை என்றே கொள்வோம் என்ற வரியையும் எழுதி எடுத்துப் போயிருந்தார். கடைக்காரர் தாளை வாங்கி மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார், பிறகு மறுபடியும் படித்தார். மேசைமேல் வைத்து அதன்மீது பேப்பர் வெயிட்டை நகர்த்தினார்.

"இந்த வண்டி உங்களுக்கு வேணாம் சார்" என்றார். "உள்ள இன்னொண்ணு நிக்குது, அதைப் பார்ப்போம்."